சிங்கப்பூர்ச் சாமான்

எண்பதுகளில் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் ‘சிங்கப்பூர்ச் சாமான்’ என்றால் அதற்கு இருந்த மவுசே தனி. டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், சீக்கோ கைக்கடிகாரம், மடக்குக் குடை, யார்ட்லி பவுடர், கசங்காத பாலியெஸ்டர் புடவை, வசதியுள்ளவர் என்றால் ஒரு வீடியோ டெக். இவற்றில் பல சிங்கப்பூரில் செய்தவை அல்ல. கடிகாரம் ஜப்பானுடையது, பவுடர் இங்கிலாந்துடையது. பலவற்றில் எந்த மூலையிலும் சிங்கப்பூர் என்ற எழுத்து இருக்காது. ஆனாலும் ஊர் அதைச் சிங்கப்பூர்ச் சாமான் என்றுதான் சொன்னது.

இன்று சிங்கப்பூர் போய்வருகிறவர் கொண்டுவரும் சாவிக்கொத்தில், கோப்பையில், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில் எல்லாம் சிங்கப்பூர் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் சீனாவில் செய்தது என்று சின்னதாக இருக்கும். இப்போது யாரும் அதைச் சாமான் என்று சொல்வதில்லை. ‘ஏதோ ஞாபகத்துக்கு’ என்கிறார்கள்.

நாற்பது வருஷத்தில் நடந்த மாற்றம் இதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது நடந்த விதம் சுவாரசியமானது. அதில் நம் ஊர் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

சிங்கப்பூர் 1819-லிருந்தே தீர்வையில்லாத் துறைமுகம். உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கும், மலிவாகக் கிடைக்கும். இந்தியாவிலோ நேர் எதிர். நுகர்பொருள் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. அன்னியச் செலாவணி கையில் வைத்திருப்பதே குற்றம் என்கிற காலம். 1991-ல் தாராளமயம் வந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், கடைசி 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியது 2001 ஏப்ரலில்தான். ஆக, இங்கே கிடைக்காத பொருள் அங்கே கடை நிறையக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் ஒரு தலைமுறையின் ஆசைகள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன.

அந்த ஆசையை எழுத்தில் காண வேண்டும் என்றால் நீல நிற ஏரோகிராமைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நலம், நலமறிய ஆவல், மாடு கன்று போட்டது, மழை இல்லை. கடைசியில் ஒட்டும் மடிப்பு வரைக்கும் இடுக்கி இடுக்கி எழுதிய பட்டியல். சின்ன மாமாவுக்கு ஷேவிங் செட். பெரியத்தைக்கு முட்டிவலித் தைலம். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்கு ஒரு நல்ல பேனா, ஏனென்றால் தம்பி அடுத்த வருஷம் பத்தாவது. இந்தப் பட்டியலோடுதான் ஆள் கடைக்குப் போனார். தனக்காக வாங்கியவர் குறைவு. தனக்கென்று ஏதாவது எடுத்திருந்தாலும் ஊரில் இறங்கிய இரண்டாம் நாள் அதை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

கப்பலில் வந்தவர்களும் உண்டு. ‘எம்.வி. சிதம்பரம்’ சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்தது. கப்பல் என்பதால் மூட்டைக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. சைக்கிளும் தையல் மெஷினும்கூட ஏறின. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்ததில் பலர் இறந்தார்கள். அந்தப் பயணிகள் போக்குவரத்தும் அதோடு முடிந்தது. அப்புறம் எல்லாம் விமானம், கிலோ கணக்கு. அட்டைப்பெட்டியைத் தராசில் ஏற்றி, இறக்கி, நைலான் கயிற்றை அவிழ்த்து, ஒரு ஃபிளாஸ்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி கட்டி ஏற்றுகிற காட்சி சாங்கி விமான நிலையத்துக்குப் பழக்கமாகிப்போனது.

கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோலியர் கீ துறைமுகக் கரைக்கும் ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் நடுவில் ‘சேஞ்ச் ஆலி’ என்றொரு சந்து இருந்தது. இரண்டு பக்கமும் கடை, தலைக்கு மேலே தொங்கும் சரக்கு, நடுவில் தோளை உரசிக்கொண்டு போகிற ஜனம். கப்பலிலிருந்து இறங்குகிற மாலுமிகள்தான் முதல் வாடிக்கை. காசு மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து முஸ்லிம்கள். கடைக்காரர்கள் வருகிறவன் முகத்தைப் பார்த்து ரஷ்ய மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ கூப்பிடுவார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டால்தான் உங்களை மனிதராக மதித்தார்கள். 1989 ஏப்ரலோடு அந்தச் சந்து மூடப்பட்டது. அதே பெயரில் இப்போது அங்கே இருப்பது இரண்டு உயர்ந்த கட்டடங்களை இணைக்கும் குளிரூட்டிய நடைபாதை. மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகக்காரர்கள் விரைந்து போகிறார்கள். பேரத்துக்கு அங்கே ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

நம் ஆட்களுக்கு முக்கியமான கடைத்தெரு சிராங்கூன் ரோடு. பிரதான சாலையை விடவும் அதன் கிளைகளான கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், பஃபலோ ரோடுதான் நிஜமான சந்தை. கடை வாசலை ஒட்டி, மாடி நிழலில் நீளும் நடைபாதையை அங்கத்துத் தமிழர் அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியில்தான் பெட்டி பெட்டியாகச் சரக்கு நிற்கும். பேரம் தமிழிலேயே நடந்தது. வெளிநாட்டில் பொருள் வாங்கியும் தாய்மொழியில் சண்டை போட்டு விலை குறைத்த பெருமை நமக்கு அங்கேதான் கிடைத்தது.

“கடைசி வெல சொல்லுங்கண்ணே.”

“கடைசி வெலதான் தம்பி சொன்னேன். ஊருக்கா? எந்த ஊரு?”

“கூத்தாநல்லூர் பக்கம்.”

“அட, நமக்கு அடியக்கமங்கலம். சரி, ரெண்டு வெள்ளி கம்மியா குடுங்க. பேட்டரி நாலு சும்மா போட்டுத் தரேன்.”

வெள்ளி என்பது அங்கே டாலர். ஊர்ப்பெயர் சொன்னதும் குறைந்த அந்த இரண்டு வெள்ளி முதலிலேயே விலையில் ஏற்றி வைத்ததுதான் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள். வாங்கியவர் கடிகாரத்தோடு ஒரு பேச்சையும் எடுத்துக்கொண்டு போனார். ஊரில் அந்தக் கடிகாரத்தின் விலையைச் சொல்லும்போதெல்லாம் அந்த அடியக்கமங்கலத்துக்காரரும் கூடவே வருவார்.

இந்தப் பேரத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க ஆரம்பித்ததும் அதே தெருவில் முளைத்த ஒரு கடைதான். வட இந்தியாவிலிருந்து வந்து கேம்பல் லேனில் தள்ளுவண்டியில் தேநீர் விற்றவரின் மகன் முஸ்தாக் அகமது. வண்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விற்றுத் தொடங்கியவர். குடும்பத்தார் 1971-ல் முஸ்தபா என்ற பெயரில் ஒரு சின்னத் துணிக்கடை போட்டார்கள். சுற்றிலும் வாய்க்கு வந்த விலை சொன்ன காலத்தில் முஸ்தபா கடையில் விலைச்சீட்டு ஒட்டினார்கள். லாபம் கொஞ்சம், விற்பனை நிறைய என்கிற கணக்கு. பேரம் பேசத் தெரியாதவரும், பேசி ஏமாந்தவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1995-ல் சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா சென்டர் வந்தது. 2003-லிருந்து இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு இரவு இரண்டு மணியோடு சாத்துகிறார்கள். விடியற்காலை விமானத்துக்கு முன் கடைசி நேரக் கொள்முதல் செய்து பழகிய நம் ஜனத்துக்கு அது ஒரு குறைதான்.

முஸ்தபாவை மால் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சந்தை என்றும் சொல்ல முடியாது. குறுகலான நடைவழி, கூரை வரை அடுக்கிய சரக்கு, ஒரே அலமாரியில் ஏழெட்டு நாட்டுச் சோப்பு. கூட்டமும் நெரிசலும் சந்தையினுடையவை, விலைச்சீட்டும் ஏசியும் மாலினுடையவை. சந்தையிலிருந்து மாலுக்கு நம் ஆட்கள் நடந்துபோன பாலம் அது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தக் காலத்தில் வாங்கிய பின் இன்னொரு கட்டம் இருந்தது: மீனம்பாக்கம் கஸ்டம்ஸ். டெக்குக்கு எவ்வளவு தீர்வை, கடிகாரம் கையில் கட்டியிருந்தால் கணக்கில் வருமா, புடவை எத்தனை வரை கேட்க மாட்டார்கள் என்பதெல்லாம் ஊர் டீக்கடையிலேயே விவாதிக்கப்பட்ட சட்டங்கள். பிறருடைய சரக்கைக் கூலிக்குச் சுமந்துவந்த ‘குருவி’கள் இந்தச் சட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்த நிபுணர்கள். அவர்கள் கொண்டுவந்ததில் ஒரு பகுதி பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரில் கடை விரித்தது. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைக்க 1969-ல் அமைத்துக் கொடுத்த பெட்டிக்கடை வரிசை அது. சிங்கப்பூர் போக முடியாத சென்னைவாசிக்கு அதுவே சிங்கப்பூர்.

பிறகு என்ன ஆயிற்று? கட்டுப்பாடு போனது, பொருள் இங்கேயே வந்தது, அவ்வளவுதான். கடைசிப் பெரிய சாமான் தட்டைத் திரை டிவி. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அதைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கிவந்தவர்கள் ஏராளம். 2013 ஆகஸ்டில் இந்திய அரசு அதற்கிருந்த சலுகையை எடுத்துவிட்டு 36 சதவீதத் தீர்வை போட்டது. அதோடு அந்த வரலாறும் முடிந்தது. தங்கத்திலும் இப்போது முன்புபோல் லாபமில்லை. 2024 ஜூலையில் இந்தியா இறக்குமதித் தீர்வையை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்த பிறகு, சிராங்கூன் ரோட்டு 916 நகைக்கும் தி.நகர் நகைக்கும் இருந்த விலை இடைவெளி நன்றாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் பயணம் மட்டும் பெருகியது. திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு விமானம். ஐந்து நாள் சுற்றுலா, மாமனார் மாமியாரோடு. போனால் எதையாவது வாங்கிவர வேண்டும் என்கிற கடமை மட்டும் அப்படியே நிற்கிறது. வாங்கத்தான் எதுவும் இல்லை. இந்தச் சங்கடத்தில் பிறந்ததுதான் இன்றைய நினைவுப்பொருள் வியாபாரம் என்பது என் எண்ணம்.

அதை நேரில் பார்க்கச் சைனாடவுனின் பகோடா ஸ்திரீட்டுக்குப் போங்கள். அங்கே நிற்கும் மாரியம்மன் கோயில் 1827-ல் தோன்றியது. அதன் கோபுரத்தைப் பார்த்துத்தான் தெருவுக்கே அந்தப் பெயர். கோயில் மதிலை ஒட்டிப் போகும் தெரு நெடுகச் சாவிக்கொத்துக் கடைகள். பத்து வெள்ளிக்கு மூன்று, பத்து வெள்ளிக்கு ஐந்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாக் கடையிலும் ஒரே மெர்லயன். சிங்கத்தலையும் மீன் உடலுமாக அதை 1964-ல் சுற்றுலாத் துறையின் சின்னமாக வரைந்தார்கள். 1972-ல் லீ குவான் யூ சிலையைத் திறந்து வைத்தார். சிலை எட்டு மீட்டரைத் தாண்டிய உயரம், எடை 70 டன். சாவிக்கொத்தில் அது கட்டைவிரல் அளவு. பக்கத்திலேயே சூயிங்கம்முக்கு, எச்சில் துப்பியதற்கு, புகைத்ததற்கு என்று அந்த நாட்டு அபராதங்களைப் பட்டியல் போட்ட டி-ஷர்ட். தன் நாட்டின் கெடுபிடியையே அச்சடித்து விற்றுக் காசாக்குகிற சாமர்த்தியத்தை நான் ரசிக்கிறேன். சட்டையை வாங்கவில்லை.

மால்களில் இதே வியாபாரம் மெருகோடு நடக்கிறது. சாங்கி விமான நிலையத்தை ஒட்டி 2019-ல் திறந்த ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து உள்ளரங்க அருவி கொட்டுகிறது. அதைச் சுற்றி வட்டமாகக் கடைகள். அங்கே ஒரு தேநீர் நிறுவனத்தின் அழகிய டப்பாவில் 1837 என்று பொறித்திருக்கும். இரண்டு நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. நிறுவனம் தொடங்கியது 2008-ல். 1837 என்பது சிங்கப்பூரில் வணிகர் சங்கம் ஏற்பட்ட ஆண்டு. பழமை வேண்டும் என்று கேட்கிற சுற்றுலாக்காரருக்குப் பழமையைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள். நிஜமாகவே பழையதாக இருந்த சுங்கை ரோட்டுச் சந்தை, முப்பதுகளிலிருந்து பழம்பொருள்கள் தரையில் விரித்து விற்கப்பட்ட இடம், 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது.

பேரம் போனதும் ஏமாற்று போய்விட்டதா என்றால் இல்லை. 2014-ல் சிம் லிம் ஸ்குவேர் என்கிற மின்னணுக் கடை வளாகத்தில், வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிலாளி தோழிக்காகப் புது ஐபோன் வாங்கினார். பணம் கட்டிய பிறகு உத்தரவாதம் என்ற பெயரில் இன்னும் பெருந்தொகை கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கடையில் முழந்தாளிட்டுக் கெஞ்சிய காட்சி உலகமெல்லாம் பரவியது. பழைய சந்தைக்காரன் இரண்டு வெள்ளி ஏமாற்றினால் முகத்துக்கு நேரே ஏமாற்றினான். இது ரசீதோடு, கையெழுத்தோடு நடந்தது.

வாங்குகிற விதம் மாறியதை முஸ்தபாவின் நடைவழியிலேயே நின்று பார்க்கலாம். ஏரோகிராம் பட்டியல் போய் வீடியோ கால் வந்துவிட்டது. ஒருவர் சாக்லேட் பாக்கெட்டைப் போனுக்கு முன்னால் பிடிக்கிறார். “இதுவா, அந்தப் பச்சையா?” அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் இன்னொரு குரல்: “அதெல்லாம் இங்கயே ஆன்லைன்ல கம்மியா கெடைக்குதுப்பா, வெயிட்ட தூக்காத.” பாக்கெட் அலமாரிக்குத் திரும்புகிறது. வீட்டார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கடைசியில் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வழியில் நாலு சாவிக்கொத்து வாங்கப்படுகிறது.

இத்தனைக்கும் அசையாமல் நிற்கிற பொருள் ஒன்று உண்டு: கோடாலித் தைலம். 1928-ல் சிங்கப்பூரிலேயே உருவான சரக்கு. அந்நாளில் கப்பலேறிய ஹஜ் பயணிகள் கையோடு கொண்டுபோய் அதன் பெயரை வளைகுடா வரை பரப்பினார்கள். இன்றும் 3 மில்லி முதல் 56 மில்லி வரை சிறிதும் பெரிதுமான கண்ணாடிப் புட்டிகளில் வருகிறது. பச்சைச் சாயலில் திரவம், லேபிளில் கோடாலிப் படம். ஒரு சொட்டுப் பொட்டில் தடவினால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும். டஜன் டஜனாக வாங்குகிறார்கள். நம் ஊர் மருந்துக் கடையிலும் அது கிடைக்கிறது. இருந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வந்த புட்டிக்குத்தான் அத்தைமார்களிடம் செல்வாக்கு. ரங்கூனில் பிறந்து 1926-ல் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த டைகர் பாம் அதற்கு அண்ணன் முறை.

பழைய கொள்முதல் முறை முழுதாகச் செத்துவிட்டது என்று நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டுத் தேக்காவுக்கு வாருங்கள். கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற தமிழ்நாட்டு, வங்கதேசத்துத் தொழிலாளர்கள் விடுமுறைக்குக் கூடுகிற இடம். அவர்களுக்கு இன்னும் பட்டியல் உண்டு. தங்கைக்கு இரண்டு கிராம் கம்மல், அப்பாவுக்குத் தைலம், பிள்ளைக்குக் கடிகாரம், ஊருக்கெல்லாம் சாக்லேட். ஊருக்குப் போக ஆறு மாதம் இருக்கும்போதே வாரம் ஒன்றாக வாங்கிச் சேர்க்கிறார்கள். சூட்கேஸ் கடை வாசலில் ஒருவர் பெட்டியின் சக்கரத்தைத் தரையில் உருட்டிப் பார்த்து, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும் கலையை இன்றைக்கும் முறையாகச் செய்கிறவர்கள் இவர்கள்தான் என்பது என் தீர்ப்பு. சுற்றுலாக்காரர்களாகிய நாம் வெறும் ருசு சேர்க்கிறோம்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. மெர்லயனைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது இலவசம். உள்ளூரின் அடையாளமாகவே ஏதாவது வேண்டும் என்றால், நிஜ ஆர்கிட் பூவைத் தங்கத்தில் தோய்த்து எழுபதுகளிலிருந்து அங்கேயே செய்துவரும் நகை இருக்கிறது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா ஜாம் இருக்கிறது. எதையும் திருப்பி அடிப்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அங்கே விற்பனை வரி 1994-ல் 3 சதவீதமாக வந்தது, 2024-லிருந்து 9 சதவீதம். சுற்றுலாக்காரர்களுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த ஒரே கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்டியிருந்தால் அந்த வரியில் பெரும்பகுதி சாங்கியில் திரும்பக் கிடைக்கும். பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்னால் வரி திருப்பிக் கேட்கும் இயந்திரத்துக்குப் போங்கள்; பொருளை எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டியாக வேண்டும்.